வீட்டுல புலி, வெளியில எலி: கூச்சப்படும் சுட்டிக் குழந்தையைப் பழக்குவது எப்படி?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பத் தொடங்கிவிடும். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள், மைக் சத்தம், கறி விருந்து, யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்ற பேச்சு. அந்தக் கூட்டத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அதற்குள்ளேயே புதைத்துக்கொண்டு நிற்கும் நாலு வயதுக் குழந்தையை எல்லோரும் பார்த்திருப்போம்.

"பேர் என்னடா தங்கம்?" என்று பெரியப்பா கேட்பார். பதில் வராது. "ஏன் வாயே தெறக்க மாட்டேங்குறான்?" என்று அத்தை கேட்பார். "வீட்டுல இருந்தா ஓட்டைப் பிரிச்சு இறக்கிடுவான், இங்க வந்தா இப்படித்தான்" என்று அம்மா சங்கடத்தோடு சமாளிப்பார்.

அம்மா சொல்வது பொய் இல்லை. அதே குழந்தை தென்னந்தோப்பில் இருக்கும் தன் வீட்டில் காலை முதல் இரவு வரை ஓடுகிறது, மரத்தில் ஏறுகிறது, அப்பாயியிடம் கதை கதையாகப் பேசுகிறது. வெளியில் வந்தால் மட்டும் கல் மாதிரி நின்றுவிடுகிறது. 'வீட்டுல புலி, வெளியில எலி' என்று ஊர் கிண்டல் செய்யும் இந்தக் குணம் எதனால் வருகிறது? இதை மாற்ற முடியுமா, மாற்ற வேண்டுமா? விரிவாகப் பார்க்கலாம்.

கூச்சம் என்பது நோயா?

இல்லை. புது ஆட்கள், புது இடம், புதுச் சூழல் ஆகியவற்றை எதிர்கொள்ளும்போது கொஞ்சம் பின்வாங்கி நின்று பார்ப்பது சில குழந்தைகளின் பிறவி இயல்பு.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 4 மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளைக் காட்டியும், புதிய ஒலிகளைக் கேட்க வைத்தும் அவர் குழு கவனித்தது. சுமார் 20 சதவீதக் குழந்தைகள் கை கால்களை உதறி, அழுது, கடுமையாக எதிர்வினை காட்டின. இந்தக் குழந்தைகள் வளர்ந்தபோது, புதியவர்களிடம் ஒதுங்கும் குணம் மற்றவர்களைவிட இவர்களிடம் கூடுதலாக இருந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அப்படித் தொடங்கிய எல்லாக் குழந்தைகளும் கடைசிவரை கூச்சத்திலேயே இருந்துவிடவில்லை. பலர் வளர வளர நடுத்தரமான இயல்புக்கு வந்து சேர்ந்தார்கள். கூச்சம் பிறவியிலேயே வரலாம், ஆனால் அது கடைசிவரை எப்படி இருக்கும் என்பதை வளர்ப்பும் அனுபவமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

அதனால், "நான் சரியா வளர்க்கலையோ" என்று அம்மா குற்ற உணர்வில் கிடக்க வேண்டியதில்லை. "எல்லாம் உன் வளர்ப்பு" என்று மற்றவர்கள் குத்திக்காட்டவும் நியாயமில்லை.

இவ்வளவு சுட்டியான பிள்ளைக்குக் கூச்சமா?

பல வீடுகளில் குழப்பமே இங்கேதான். கூச்சப்படும் குழந்தை என்றால் மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறோம். ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை வெளியில் பேசாமல் நின்றால், "திமிரு", "பிடிவாதம்", "வேணும்னே பண்றான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவத் தம்பதி 1956-ல் நியூயார்க்கில் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார்கள். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். குழந்தையின் இயல்பை 9 கூறுகளாகப் பிரித்தார்கள். அதில் 'உடல் துறுதுறுப்பு' ஒரு கூறு. 'புதியதை நெருங்குவதா, விலகுவதா' என்பது வேறொரு கூறு.

அதாவது ஒரு குழந்தையின் கால் எவ்வளவு ஓடுகிறது என்பதும், புது முகத்தைப் பார்த்தால் அதன் மனசு என்ன செய்கிறது என்பதும் தனித்தனி விஷயங்கள். இரண்டும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம்.

அந்த ஆய்வில் சுமார் 40 சதவீதக் குழந்தைகள் 'எளிதில் பழகுபவர்கள்', 15 சதவீதம் 'மெதுவாகப் பழகுபவர்கள்', 10 சதவீதம் 'சமாளிக்கக் கடினமானவர்கள்' என்று வகைப்படுத்தப்பட்டனர். மீதி 35 சதவீதம் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. கலவையான குணங்கள். துறுதுறுப்பும் கூச்சமும் சேர்ந்த பிள்ளையும் இப்படி ஒரு கலவைதான்.

தாமஸும் செஸ்ஸும் சொன்ன இன்னொரு கருத்து பெற்றோருக்கு ரொம்பப் பயன்படும். நல்ல குணம், கெட்ட குணம் என்று எதுவும் கிடையாது. குழந்தையின் இயல்புக்கும், சுற்றியிருப்பவர்கள் அதனிடம் எதிர்பார்ப்பதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதே கேள்வி. பொருத்தம் இருந்தால் பிள்ளை மலரும். இல்லாவிட்டால் முட்டல் மோதல்தான்.

தானா சரியாயிடும்னு விட்டுடலாமா?

பாதி உண்மை. பல குழந்தைகளுக்கு வயது ஏற ஏறக் கூச்சம் குறையும். ஆனால் அங்கன்வாடி, எல்கேஜி சேரும் வயதில் வாய் திறக்காத குழந்தைக்கு அன்றாடம் சில நடைமுறைச் சிக்கல்கள் இருக்கின்றன.

• "ஒண்ணுக்குப் போகணும் டீச்சர்" என்று கேட்கக் கூச்சப்பட்டு அடக்கி வைத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. சிலர் அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். உடையிலேயே போய்விட்டால் அந்த அவமானத்தில் மறுநாள் பள்ளிக்கே வர மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள்.

• விழுந்து அடிபட்டாலும், யாராவது கிள்ளினாலும், டப்பாவைத் திறக்க முடியாமல் சாப்பாடு அப்படியே இருந்தாலும் சொல்ல மாட்டார்கள்.

• யாராவது தப்பாகத் தொட்டால், அதைச் சொல்லும் பழக்கமே இல்லாத பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

• தெரிந்த பாடத்தையும் சொல்ல மாட்டார்கள். "இவனுக்கு ஒண்ணும் தெரியல" என்ற முத்திரை விழுந்துவிடும். அந்த முத்திரையைப் பிள்ளையும் நம்ப ஆரம்பித்துவிடும்.

மேடையேறிப் பேச வைப்பது, நாலு பேர் முன்னால் பாட வைப்பது எல்லாம் அப்புறம். தனக்குத் தேவையானதைத் தானே கேட்கும் தைரியம்தான் இந்த வயதில் முதல் இலக்கு.

பெரியவங்க தெரியாம செய்யும் 6 விஷயங்கள்

எல்லாமே பாசத்தில் செய்வதுதான். ஆனால் விளைவு எதிராகப் போய்விடும்.

1. பெயர் சூட்டுவது: "இவன் கூச்ச சுபாவம்", "ஊமைக்கோட்டான்", "அம்மா பிள்ளை" என்று குழந்தை காதுபடச் சொல்வது. நாலு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் நன்றாகவே புரியும். "புது ஆளுங்ககிட்ட பழகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்குவான்" என்று சொல்லிப் பாருங்க. முதல் பேச்சு கதவைச் சாத்துகிறது, இரண்டாவது கொஞ்சம் திறந்து வைக்கிறது.

2. பிள்ளைக்குப் பதிலாகப் பேசுவது: "பேர் என்ன?" என்று கேட்ட அடுத்த நொடி அம்மாவே சொல்லிவிடுவது. கூச்சப்படும் குழந்தைக்குப் பதில் தயார் செய்யக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேணும். மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பிறகு உதவிக்கு வந்தால் போதும்.

3. பிடித்துத் தள்ளுவது: "போ, போய் மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று கட்டாயப்படுத்துவது. இது கூச்சத்தைப் போக்காது, பயத்தைத்தான் கூட்டும். தன் உடம்பை யார் தொடலாம் என்பதில் தனக்கு உரிமையே இல்லை என்ற பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடும். கும்பிடுவது, கை அசைப்பது, சிரிப்பது என்று நாலு வழி சொல்லி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். மரியாதையும் போகாது, பிள்ளையும் மிரளாது.

4. ஒப்பிடுவது: "சித்தப்பா பொண்ணு எப்படிப் பேசுறா பாரு." இதைக் கேட்ட பிள்ளை சித்தப்பா பொண்ணு மாதிரி பேசப்போவதில்லை. அவளைக் கண்டாலே ஒதுங்கத் தொடங்கும்.

5. பயமுறுத்துவது: "சேட்டை பண்ணினா போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்", "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்", "இரு, உங்க டீச்சர்கிட்ட சொல்றேன்." துறுதுறு பிள்ளையை அடக்க நாம் எடுக்கும் இந்த ஆயுதம், போலீஸ், டாக்டர், டீச்சர் என வெளியுலக மனிதர்கள் எல்லோரையும் பூச்சாண்டி ஆக்கிவிடுகிறது. அப்புறம் அவர்களிடமே போய்ப் பேசச் சொன்னால் எப்படிப் பேசும்?

6. போனைக் கொடுப்பது: விசேஷ வீட்டில் பிள்ளை சிணுங்கியதும் கையில் செல்போனைத் திணிப்பது. அப்போதைக்கு அமைதி. ஆனால் முகம் பார்த்துப் பழகக் கிடைத்த ஒரு வாய்ப்பும் கையைவிட்டுப் போகும்.

இதற்கு நேரெதிரான இன்னொரு தவறும் உண்டு. "அவன் பயப்படுவான், பாவம்" என்று எந்த விசேஷத்துக்கும் கூட்டிப்போகாமல் வீட்டிலேயே பொத்திப் பொத்தி வைப்பது. பயந்த இடத்தை விட்டு விலகியதும் பிள்ளைக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே அடுத்த முறையும் விலகச் சொல்லும். 'நான் பயந்தேன், ஆனா ஒண்ணும் ஆகலையே' என்று தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பமே பிள்ளைக்குக் கிடைக்காது.

அப்போ என்னதான் பண்றது? படிப்படியாக ஏறுங்க

தள்ளவும் கூடாது, பொத்தி வைக்கவும் கூடாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. பெரிய பயத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது.

ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் ரான் ரேபி என்ற உளவியலாளரின் குழு, ரொம்பக் கூச்சப்படும் 146 மழலையர்களின் குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. 2005-ல் அதன் முடிவு வெளியானது. ஒரு பகுதிப் பெற்றோருக்கு மட்டும் 6 வகுப்புகள் நடத்தப்பட்டன. பயிற்சி குழந்தைகளுக்கு இல்லை, பெற்றோருக்குத்தான். அதிகமாகப் பொத்தி வளர்க்காமல் இருப்பது, படிப்படியாகப் பழக்குவது ஆகியவை அதில் முக்கியப் பாடங்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற பெற்றோரின் குழந்தைகளிடம் பதற்றக் கோளாறுகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன.

இதை நம்ம ஊருக்கு எப்படிப் பொருத்துவது? தெருமுனைப் பெட்டிக்கடையில் பிள்ளை தானே ஒரு கடலை மிட்டாய் வாங்க வேணும் என்பது இலக்கு என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: அம்மாவின் இடுப்பில் அல்லது கையைப் பிடித்தபடி கடைக்குப் போய் வருவது. பேசவே வேண்டாம்.

படி 2: காசை மட்டும் பிள்ளை கையால் கொடுப்பது.

படி 3: வேண்டியதை விரலால் காட்டுவது.

படி 4: அம்மா பக்கத்தில் நிற்க, "ஒரு கடலை மிட்டாய்" என்று மெதுவாகவாவது சொல்வது.

படி 5: அம்மா நாலடி தள்ளி நிற்க, பிள்ளை தானே கேட்டு வாங்குவது.

ஒரு படி பழகிய பிறகுதான் அடுத்தது. ஒரு படிக்கு இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். ஒரு நாள் பின்வாங்கினால் ஒரு படி இறங்கி மறுபடி ஆரம்பிங்க. கடைக்காரரிடம் முன்கூட்டியே, "பிள்ளை பேசிப் பழகுறான், அவசரப்படுத்தாதீங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் இன்னும் நல்லது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதற்கும் பொருந்தும்.

பாராட்டும்போது ஒரு விஷயம். "சூப்பர், நீ ஹீரோ" என்று ஊரைக் கூட்டிக் கைதட்டினால் கூச்சப்படும் பிள்ளை அதற்கே மறுபடி சுருங்கிவிடும். வீட்டுக்கு வரும் வழியில், "இன்னைக்கு நீயே காசு கொடுத்த, நான் பார்த்தேன்" என்று நடந்ததை அப்படியே சொன்னாலே போதும்.

கூட்டமான இடங்களுக்கும் இதே வழிதான். கோயில் திருவிழாவுக்கு முன்னால், 81 அடி சிவன் சிலை இருக்கும் மெய்நின்றநாதர் கோயிலுக்குக் கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில் கூட்டிப்போய் ஓடி விளையாட விடலாம். விசேஷ வீடு என்றால் கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்க. நிரம்பி வழியும் பந்தலுக்குள் நுழைவதைவிட, காலிப் பந்தல் மெல்ல மெல்ல நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைக்குச் சுலபம். யார் யார் வருவார்கள், என்ன நடக்கும், எப்போது வீடு திரும்புவோம் என்று போகும் வழியிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் குறையும்.

துறுதுறுப்புதான் கைவசம் இருக்கும் சாவி

இந்தப் பிள்ளைகளுக்கு வாய் பூட்டிக்கொண்டாலும் கால் ஓடும். அதனால் பேச்சில் தொடங்காமல் விளையாட்டில் தொடங்குங்க. "போய் அவங்ககூடப் பேசு" என்பதைவிட, "அந்தப் பந்தை அவன்கிட்ட உருட்டி விடு" என்பது எளிது. கண்ணாமூச்சி, கல்லா மண்ணா மாதிரியான விளையாட்டுகளில் பேச்சு குறைவு, ஓட்டம் அதிகம். விதி ஒன்றுதான் என்பதால் என்ன செய்வது என்ற குழப்பமும் இல்லை. ஓடி, சிரித்து, வியர்த்த பிறகு வார்த்தை தானாக வரும்.

'சொன்னதும் நிற்கணும்' என்ற வகை விளையாட்டுகளில் இன்னொரு லாபமும் உண்டு. பாட்டு நின்றதும் சிலையாக நிற்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் துறுதுறு பிள்ளை தன்னைத் தானே கட்டுப்படுத்தப் பழகும் பயிற்சி. "சும்மா இரு" என்று நூறு முறை அதட்டுவதைவிட இது வேலை செய்யும்.

ஓட்டத்தைக் குறைக்க நினைப்பதும் தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தைகள் நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைந்து விளையாட வேணும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேணும். டிவி, செல்போன் எல்லாம் சேர்த்து 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேணும். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு அடமும் கூடும், கூச்சமும் கூடும்.

ஓரமா நின்னு வேடிக்கை பார்த்தா தப்பா?

தப்பே இல்லை. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. 2 முதல் 5 வயதுக் குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்பதை அவர் வகைப்படுத்தினார். தனியாக விளையாடுவது, ஓரமாக நின்று பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது, பொருளைப் பகிர்ந்து விளையாடுவது, ஒன்று சேர்ந்து ஒரே விளையாட்டை ஆடுவது என்று அவை போகும்.

அதாவது வேடிக்கை பார்ப்பதும் ஒரு கட்டம். கூச்சப்படும் பிள்ளை அந்தக் கட்டத்தில் கூடுதல் நேரம் நிற்கும். அது உள்ளுக்குள் விளையாட்டைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. "ஏன் சும்மா நிக்கிற, போய் விளையாடு" என்று முதுகில் தட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த அக்கா என்ன பண்றாங்க பாரேன்" என்று சேர்ந்து பாருங்க.

கீரமங்கலம் மாதிரியான ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. தோப்புக்குள் தனித்தனியாக இருக்கும் வீடுகளில், அக்கம்பக்கத்தில் அதே வயதுப் பிள்ளை இல்லாமல் போகலாம். அதிகாலையிலேயே மல்லிகை, முல்லை, காட்டுமல்லி பறித்து பூ கமிஷன் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய வீடுகளில் பெற்றோருக்கு நேரமும் இருக்காது. இந்தச் சூழலில் பத்துப் பேரை எதிர்பார்க்க வேண்டாம். ஒரே ஒரு பிள்ளை போதும். வாரத்தில் இரண்டு நாள், மாலையில் ஒரு மணி நேரம், அதே பிள்ளையோடு விளையாட விடுங்க. முதலில் நம் வீட்டில், பிறகு அவர்கள் வீட்டில், பிறகு பொது இடத்தில். தன்னைவிட ஒரு வயது இளைய பிள்ளை என்றால் இன்னும் எளிது. அங்கே நம் பிள்ளை 'அண்ணன்' ஆகிவிடும்.

அங்கன்வாடி எந்த அளவுக்கு உதவும்?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கப்பட்டது. தமிழகத்தில் இதன் கீழ் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கன்வாடி என்றாலே சத்துமாவும் முட்டையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் முன்பருவக் கல்வியும் அதன் முக்கிய வேலை. தமிழகத்தில் இதற்காக 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. பேரிலேயே ஆட்டமும் பாட்டும் இருப்பது துறுதுறு பிள்ளைக்குச் சாதகம். 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி வகுப்புகளும் தொடங்கப்பட்டன.

அங்கன்வாடியிலோ மழலையர் பள்ளியிலோ சேர்க்கும் முன் இதைச் செய்யலாம்:

• சேரும் நாளுக்கு முன்பே இரண்டு மூன்று முறை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய் வாங்க. கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, பை எங்கே வைப்பது என்று காட்டுங்க.

• பிள்ளையின் இயல்பை டீச்சரிடம் முன்பே சொல்லிடுங்க. "பேச நாளாகும், ஆனா எல்லாம் புரியும். ஓடி எடுத்துட்டு வர்ற வேலை கொடுத்தா சந்தோஷமா செய்வான்." பாய் விரிப்பது, தட்டு எடுத்துக் கொடுப்பது மாதிரி ஒரு சின்னப் பொறுப்பு கிடைத்தால் பிள்ளை வகுப்பில் ஒட்டிக்கொள்ளும்.

• கழிப்பறைக்குப் போக ஒரு சைகை பேசி வைங்க. சுண்டுவிரல் காட்டினாலே போதும் என்று டீச்சரும் பிள்ளையும் ஒத்துக்கொண்டால், அந்தப் பெரிய பயம் முதல் நாளே தீரும்.

• வீட்டில் 'டீச்சர் விளையாட்டு' விளையாடுங்க. ஒரு நாள் பிள்ளை டீச்சர், அம்மா மாணவி. "தண்ணி வேணும் டீச்சர்", "வலிக்குது டீச்சர்", "வேண்டாம், தள்ளாத" என்று தேவையான வாக்கியங்களை விளையாட்டிலேயே பழக்கிடலாம்.

• விட்டுவிட்டுக் கிளம்பும்போது ஒளிந்து ஓடாதீங்க. "சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்" என்று சொல்லி, கை அசைத்துவிட்டு, சொன்ன நேரத்துக்கு வாங்க. ஒரு தடவை ஏமாற்றினால் மறுநாள் பிடி இன்னும் இறுகும்.

தாத்தா பாட்டி சொல்றதும் அப்பா அம்மா சொல்றதும் ஒண்ணா இருக்கணும்

அப்பா வெளிநாட்டிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்க, அப்பாயியும் அய்யாவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் இங்கே நிறைய. அம்மா படி படியாகப் பழக்கும்போது, அப்பாயி "ஏன்டி பச்சப் புள்ளைய வதைக்கிற" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டால் பலன் இருக்காது. என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று பெரியவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. கதை சொல்வது அவர்களுக்குக் கை வந்த கலை. பயந்த ஆட்டுக்குட்டி மெல்ல மெல்ல மந்தையோடு சேர்ந்த கதையை அவர்களையே சொல்லச் சொல்லலாம்.

வெளிநாட்டில் இருக்கும் அப்பா வீடியோ காலில், "ஏன் பேச மாட்டேங்குற?" என்று கேட்டால் பிள்ளை ஓடி ஒளியும். "இன்னைக்கு என்ன மரத்துல ஏறின, காட்டு பார்ப்போம்" என்று கேட்டால் போனையே தோப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்.

கூச்சத்தை ஒரு குறையாகவே பார்க்க வேண்டுமா என்பதற்கும் ஒரு சுவையான ஆய்வு இருக்கிறது. சீனாவின் ஷாங்காய் நகரில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை 1990, 1998, 2002 என மூன்று காலகட்டங்களில் உளவியலாளர் ஷின்யின் சென் குழு ஆராய்ந்தது. 1990-ல் கூச்ச சுபாவம் உள்ள குழந்தைகளைச் சக மாணவர்கள் விரும்பி ஏற்றார்கள். 2002-ல் அதே குணம் கொண்ட குழந்தைகள் ஒதுக்கப்பட்டார்கள். இடையில் சந்தைப் பொருளாதாரம் வேகம் பிடித்தது, போட்டி கூடியது, முன்னால் வந்து பேசுபவர்களுக்கு மதிப்பு கூடியது. குழந்தைகளின் குணம் அதேதான். அதைப் பார்க்கும் ஊரின் கண்தான் மாறியது.

கூர்ந்து கவனிப்பது, யோசித்துச் செய்வது, ஒருவரோடு ஆழமாகப் பழகுவது எல்லாம் கூச்சப்படும் குழந்தைகள் பலரிடம் இருக்கும் பலங்கள். பிள்ளையை வாயாடியாக மாற்றுவது நோக்கம் இல்லை. தேவையான நேரத்தில் தேவையானதைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேணும்?

எல்லாவற்றையும் 'கூச்சம்' என்று தள்ளிவிடவும் கூடாது. கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

• வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை, பள்ளியில் சேர்ந்து முதல் மாதம் கடந்த பிறகும் அங்கே தொடர்ந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பது. இது 'தேர்ந்தெடுத்த மௌனம்' எனப்படும் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பிடிவாதம் அல்ல. பேச நினைத்தாலும் வராத நிலை. சிகிச்சை உண்டு, சீக்கிரம் தொடங்கினால் பலனும் அதிகம்.

• வீட்டிலும் பேச்சு குறைவு, வயதுக்கேற்ற வாக்கியம் வரவில்லை என்பது.

• பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாதது, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வது. காது கேட்கும் திறனைச் சோதிக்க வேணும்.

• வீட்டு ஆட்களிடமும் கண் பார்த்துப் பேசாதது, விரல் நீட்டிக் காட்டாதது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது. ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க வேணும்.

• வீடு, வெளி என்ற வித்தியாசமே இல்லாமல் எங்கும் ஒரு நிமிடம்கூட நிலைகொள்ளாமல் இருப்பது, அதனால் அடிக்கடி அடிபடுவது.

• நன்றாகப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒரு ஆளையோ இடத்தையோ கண்டு மிரள்வது. அதட்டாமல், அவசரப்படாமல் பேச்சுக் கொடுத்துக் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேணும்.

இதற்குப் பெரிய நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. சந்தேகம் இருந்தால் அந்தக் குழுவிடமோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ சொல்லி, மாவட்ட அளவில் இயங்கும் இடையீட்டு சேவை மையத்துக்குப் பரிந்துரை பெறலாம். மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ்), தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, குழந்தைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால் 1098 ஆகிய எண்களை அழைக்கலாம்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

நாள் கணக்கு கிடையாது. மாற்றமும் ஒரே நேர்கோட்டில் வராது. நேற்று டீச்சருக்குக் கை அசைத்த பிள்ளை இன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காய்ச்சல், ஊர் மாற்றம், தம்பி தங்கை பிறப்பது எல்லாம் கொஞ்ச நாள் பின்னுக்கு இழுக்கும்.

அதனால் "பேசினானா, பேசலையா" என்பதை அளவுகோலாக வைக்காதீங்க. போன மாதம் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்த பிள்ளை, இந்த மாதம் முந்தானையைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தால் அது முன்னேற்றம். கையை விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றால் அது பெரிய முன்னேற்றம். ஒரு நாள் "அம்மா, நீ இங்கேயே இரு, நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பினால், அன்றைக்கு அம்மா செய்ய வேண்டிய ஒரே வேலை, சொன்ன இடத்திலேயே நிற்பது.